இரண்டு பதினாலுக்குப் போட்ட ஜெனரேட்டர்

சிங்காநல்லூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் போன் நம்பரை நீங்கள் தடுத்து வைத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. அண்ணியிடம் கேட்டேன். "கடுதாசி போடுங்க அம்மணி, எழுத்துன்னா படிச்சுப்போட்டுத்தான் மத்த வேலை பார்ப்பாருங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் பேனாவால் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

என் பக்கத்து நியாயத்தை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பால் குளிரூட்டும் நிலையத்தில் நீங்கள் பதினோரு வருஷமாக ஜெனரேட்டர் பார்த்தீர்கள். போன தை மாதம் நான் செய்த பெட்டியை அங்கே மாட்டினார்கள். கரண்ட் எப்போது போனது, ஜெனரேட்டர் எப்போது ஓடியது, கரண்ட் எப்போது வந்தது என்று அது தானாக எழுதி வைக்கும். ஏப்ரல் 27 மத்தியானம் தொட்டியிலிருந்த எண்ணூறு லிட்டர் பால் திரிந்தது. பெட்டியை எடுத்துப் பார்த்தார்கள். கரண்ட் போனது இரண்டு பத்துக்கு. ஜெனரேட்டர் ஓடியது இரண்டு ஐம்பத்திரண்டுக்கு.

மே 3 கூட்டத்தில் மேனேஜர் வேங்கடசாமி அதை எல்லோர் முன்பும் வாசித்தார். வெள்ளகோவிலிலிருந்து பெட்டி வாங்க வந்த இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி தப்புச் சொல்லுமா என்று என்னைக் கேட்டார். "சொல்லாதுங்க, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணனுக்காகத் தங்கச்சி மழுப்புகிறாள் என்று பேச்சு வந்திருக்கும். நீங்கள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். இப்போது பொள்ளாச்சியில் தேங்காய் குடோனில் மூட்டை ஏற்றுகிறீர்கள் என்று கேள்வி.

நாற்பத்தெட்டு வயதில், சித்திரை வெயிலில், மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லாமல் போனீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

ஜோவிதா

---

பொள்ளாச்சி
16 ஜூன் 2024

✝

ஜோவிதாவுக்கு அண்ணன் பிரான்சிஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அருள்செல்வியும் சுகம். நீயும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

திட்டச் சொன்னாய். தபால் தலை ஒட்டித் திட்டுகிற வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் தூங்கவில்லை. ஜெனரேட்டர் போட்டதும் போனை எடுத்துப் பார்த்தேன், இரண்டு பதினாலு. பழைய பழக்கம். முன்பெல்லாம் பார்த்த கையோடு நோட்டில் எழுதி வைப்பேன். உன் பெட்டி வந்த பிறகு நோட்டு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தலாம் என்று சொன்னதே நீதான், ஞாபகம் இருக்கும்.

பால் கெட்டதற்கு ஜெனரேட்டர் காரணமே இல்லை. கடைசி வண்டியில் வந்த மூன்று கேன் வெயிலில் நின்ற பால். மூடியைத் திறந்ததும் வாசம் அடித்தது. "இதை ஊத்தாதீங்க சார்" என்று சொன்னேன். வேங்கடசாமி ஊற்றச் சொன்னார், ஊற்றினார்கள்.

இன்னொன்று. உன் பெட்டி எழுதிய காகிதத்தை எனக்கும் காட்டினார்கள். ஜெனரேட்டர் ஓடியது 2:52. அதற்குக் கீழே கரண்ட் வந்தது, அதுவும் 2:52. கரண்ட் வருகிற நிமிஷத்தில் எவனாவது ஜெனரேட்டரைப் போடுவானா அம்மணி? தூங்கி எழுந்தவன் பதறிப்போய்ப் போட்டிருப்பான் என்று அங்கே ஒருத்தர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நீயும் ஆட்டினாய். பத்தாவதோடு நின்ற எனக்கே அது இடிக்கிறது. டிப்ளமோ படித்த உனக்கு எப்படி இடிக்காமல் போனது?

கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

பிரான்சிஸ்

---

சிங்காநல்லூர்
27 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்திலும் கடிதத்தின் மேலே சிலுவை போட மறக்கவில்லை நீங்கள். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அது இருக்கட்டும்.

அந்த ஒரே நிமிஷம் என் மண்டையைப் பத்து நாளாகக் குடைகிறது. இதே மாதிரி இன்னொரு பெட்டியை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் மெஷினோடு பழகியவர், பிடித்துக்கொள்வீர்கள்.

பெட்டிக்குள் மூளை ஒன்று, மணி பார்க்கும் சிப் ஒன்று. கரண்ட் போனால் மூளை செத்துவிடும். சிப் மட்டும் சின்ன பட்டன் செல்லை வைத்துக்கொண்டு நொடி எண்ணிக்கொண்டே இருக்கும், கரண்ட் போன மணியையும் அதுவே குறித்து வைக்கும். மூளைக்கு மணி தெரியாது, சிப்பைக் கேட்டால்தான் உண்டு. இரண்டுக்கும் நடுவே இரண்டே கம்பி. ஒன்றில் மூளை தாளம் போடும், இன்னொன்றில் பேச்சு நடக்கும். பேச்சுக் கம்பி சும்மா இருக்கும்போது மேலே நிற்கும். யார் இழுத்தாலும் கீழே வரும். மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் பூஜ்யம். இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாப் பேச்சும்.

முதலில் மூளை ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அது தன் எண்தான் என்று தெரிந்தால் சிப் ஒரு தாளத்துக்குக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். "இருக்கேனுங்க" என்று அர்த்தம். அப்புறம் நொடி, நிமிஷம், மணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். எட்டுத் தாளத்தில் ஒரு எண் வந்து சேரும். ஒன்பதாவது தாளத்தில் மூளை "ஆச்சு, அடுத்தது" என்று சொல்ல வேண்டும். தாளம் வராமல் சிப் அடுத்த ஒன்றுக்கோ பூஜ்யத்துக்கோ நகராது.

பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். நூறு தடவை. நூறு தடவையும் பெட்டி எழுந்து சரியான மணியைச் சொன்னது. குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்த 2:52 மட்டும் இரண்டு இடத்திலும் அப்படியே நிற்கிறது.

அன்றைக்கு நீங்கள் செய்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். எந்தக் கையால் எதைத் தொட்டீர்கள் என்பது வரை வேண்டும்.

ஜோவிதா

---

பொள்ளாச்சி
7 ஜூலை 2024

✝

ஜோவிதாவுக்கு அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "இருக்கேனுங்கன்னு சொல்லுதா, நம்மூரு சிப்புதான்" என்றாள்.

இந்தப் பதிலை எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது. வேலை அதிகம் என்று சொல்லலாம், அது பொய்.

ஜெனரேட்டரை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. முதலில் பாலைக் குளிர வைக்கிற கம்ப்ரசரின் ஸ்விட்சை இறக்க வேண்டும். அப்புறம் என்ஜினை ஓட்டி, அது நிதானத்துக்கு வந்ததும் லைனை ஜெனரேட்டருக்கு மாற்றிவிட வேண்டும். லைட் எரியும், உன் பெட்டியும் எழும். பின்பக்கம் நடந்து போய்க் கடைசியில்தான் கம்ப்ரசரை ஏற்ற வேண்டும். இதைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்குப் பெயின்ட் அடித்ததே நான்தான்.

அன்றைக்கு நான் கம்ப்ரசர் ஸ்விட்சை இறக்கவில்லை. நல்ல வெயில், தொட்டியில் எண்ணூறு லிட்டர். பின்பக்கம் போய் வருகிற நேரம் கூட மிச்சமாகட்டும் என்று ஏற்றியபடியே விட்டுவிட்டு லைனை மாற்றினேன். எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்தது. என்ஜின் ஒரு முனகு முனகியது. டியூப் லைட் செத்துப் பிழைத்தது. மங்கியதே தவிர அணையவில்லை. அப்புறம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கம்ப்ரசர் எரிந்து போயிருந்தால் நான் தொலைந்தேன். என் நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை.

நீ பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். கரண்ட் போவது வேறு, மங்குவது வேறு. மங்க வைத்துப் பார்த்தாயா?

போனில் மணி பார்த்தபோது உன் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தேன். மணி தெரிகிற இடத்தில் எண் ஒன்றும் இல்லை, நடுவில் இரண்டு புள்ளி மட்டும் நின்றது. புதுப் பெட்டி, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

சிவப்பு எழுத்து சங்கதியை யாரிடமும் சொல்லாதே. முறை தவறிப் போட்டான் என்றால் வேறெங்கும் என்னை ஜெனரேட்டர் பக்கம் விடமாட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கூட்டத்தில் நான் தலையைக் குனிந்து நின்றதில் பாதி இதனால்தான்.

பிரான்சிஸ்

---

சிங்காநல்லூர்
15 ஜூலை 2024

அண்ணா,

இரண்டு புள்ளி.

நானும் பார்த்துவிட்டேன். கீழே லேத் பட்டறை வைத்திருக்கும் நஞ்சப்பன் அண்ணனிடம் கெஞ்சி, அவருடைய பெரிய மோட்டார் இருக்கிற லைனிலேயே பெட்டியை மாட்டினேன். இரண்டும் ஒன்றாகப் பிடிக்கிற மாதிரி மெயின் ஸ்விட்சை அவர் போட, நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லைட் மங்கும், பெட்டி எழும், மணி வரும். நாற்பது தடவை சரியாகவே வந்தது. "ஏனுங்க அம்மணி, பட்டறைக்கு இன்னைக்கு லீவு உட்டுறலாமுங்களா" என்று கூடக் கேட்டுவிட்டார். நாற்பத்தொன்றாவது தடவை மணி வரவில்லை. நடுவில் இரண்டு புள்ளி மட்டும் நின்றது.

நடந்தது இதுதான். நீங்கள் லைனை மாற்றியதும் பெட்டி எழுந்தது. எழுந்ததும் சிப்பிடம் மணி கேட்டது. சிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் பிடித்து லைட் மங்கியது. அந்த மங்கலில் மூளை மயங்கி விழுந்து மறுபடி எழுந்தது. சிப்புக்கு அந்த மங்கல் போதவில்லை, அது விழவில்லை. பூஜ்யம் சொல்வதற்காகக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது, அடுத்த தாளம் வரட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்த மூளைக்குப் பழசு ஞாபகம் இல்லை. கம்பி கீழே இருக்கிறது, யாரோ பேசுகிறார்கள், முடிக்கட்டும் என்று அது காத்திருந்தது. நம் ஊர் பஸ்ஸில் படிக்கட்டில் நின்றுகொண்டு "நீங்க ஏறுங்க", "இல்லீங்க, நீங்க ஏறுங்க" என்று இரண்டு பேர் வண்டியை நிறுத்தி வைப்பார்களே, அதேதான்.

முழுசாகக் கரண்ட் போனால் சிப் கம்பியை விட்டுவிடும். அதனால்தான் நான் பிடுங்கிய நூறு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கரண்ட் வந்து நீங்கள் லைனைத் திருப்பியபோது ஒரு நொடி எல்லாம் அணைந்தது. அப்போதுதான் சிப் கையை எடுத்தது.

இதுவரை சிப் செய்தது. இனி நான் செய்ததைக் கேளுங்கள். ஜெனரேட்டர் ஓடியது என்று பெட்டி உடனே குறித்துவிடும். மணிக்கு மட்டும் இடம் விட்டு வைத்து, சிப் பதில் சொன்னதும் அதை நிரப்பும். அறிக்கையில் காலி இடமே இருக்கக்கூடாது என்று நிலையத்தில் கேட்டார்கள், நானும் சரியென்று அப்படி எழுதினேன். முப்பத்தெட்டு நிமிஷம் கழித்து வந்த பதிலை எடுத்து, நீங்கள் இரண்டு பதினாலுக்குச் செய்த வேலைக்கு நேராக ஒட்டிவிட்டது. பெட்டி பொய் சொன்னது அண்ணா. சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான்.

முறைப்படி நிதானமாகப் போட்டிருந்தால் கம்ப்ரசரை ஏற்றுவதற்கு முன்பே மணி எழுதி முடிந்திருக்கும். நீங்கள் அவசரப்பட்டதால்தான் அது உங்களைத் தாமதம் என்று எழுதியது. இதை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நிலையத்துக்குப் போய் எல்லோர் முன்பும் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் கம்ப்ரசர் ஸ்விட்சைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சரி என்றால்தான் போவேன். இந்தத் தடவை உங்கள் பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஜோவிதா

---

பொள்ளாச்சி
19 ஜூலை 2024

✝

கண்ணு,

சொல்லு. சிவப்பு எழுத்தையும் சேர்த்தே சொல்லு. பாதியை மறைத்து வாங்குகிற நல்ல பேர் எனக்கு வேண்டாம்.

உன் பாட்டை மட்டும் ஒரு தடவை யோசித்துக்கொள். வெள்ளகோவில்காரர்கள் ஆறு பெட்டி கேட்டிருந்தார்களே. பெட்டி செய்தவளே பெட்டி தப்பு என்றால் அவர்கள் வாங்குவார்களா? மூட்டை ஏற்றுவது எனக்குப் பழகிவிட்டது. தோள்தான் கொஞ்சம் வலிக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

பிரான்சிஸ்

---

சிங்காநல்லூர்
29 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வியாழக்கிழமை போய் வந்தேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரியும், செய்தே காட்டினேன். உங்கள் ஜெனரேட்டர், உங்கள் லைன், ஸ்விட்ச் ஏற்றியபடி கம்ப்ரசர். வேங்கடசாமி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினோராவது தடவை இரண்டு புள்ளி வந்தது. காபி குடிக்கப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வந்து லைனைத் திருப்பினோம். ஜெனரேட்டர் ஓடியது, கரண்ட் வந்தது, இரண்டுக்கும் ஒரே நிமிஷம். அந்தக் காகிதத்தை வாங்கி அவர் இரண்டு தடவை படித்தார்.

அப்புறம், "அந்த மூணு கேனை நாந்தானுங்க ஊத்தச் சொன்னேன்" என்றார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை. "ஒண்ணாந்தேதி வரச் சொல்லுங்க. சிவப்பு எழுத்தை மீறினதுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு குடுப்போம், அதையும் வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். நீங்கள் வைத்துவிட்டுப் போன சாவிக்கொத்து இன்னும் அதே மேஜை டிராயரில்தான் இருக்கிறது. இதை அன்று மாலையே அண்ணிக்குப் போனில் சொல்லிவிட்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளகோவிலுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. பரவாயில்லை.

விற்ற பெட்டிகளை எல்லாம் திரும்ப வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுந்ததும் கம்பி கீழே இருந்தால் மூளை சும்மா காத்திருக்காது. ஒன்பது தாளம் வரை தட்டும். அதற்குள் சிப் பாதியில் விட்ட எண்ணைச் சொல்லி முடித்துக் கம்பியை விட்டுவிடும். அதற்கும் பதில் வராவிட்டால் அந்த இடத்தில் "நேரம் தெரியாது" என்று எழுதும். அறிக்கையில் அது அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் உங்களைப் பார்த்து "எப்பப் போட்டீங்க?" என்று கேட்டேன். "அம்மணி, அது வந்து" என்று ஆரம்பித்தீர்கள். நான் முடிக்க விடாமல், பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் திக்கியதைப் பார்த்துத் தப்பு உங்கள் மேல்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள்? இரண்டு பதினாலு என்றா?

ஜோவிதா

---

தாராபுரம்
4 ஆகஸ்ட் 2024

✝

ஜோவிதாவுக்கு அண்ணன் எழுதுவது. ஒண்ணாந்தேதி வேலையில் சேர்ந்தேன். சாவிக்கொத்தோடு எச்சரிக்கைக் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று மத்தியானம் கரண்ட் போனது. ஸ்விட்சை இறக்கிவிட்டு முறைப்படிதான் போட்டேன். உன் பெட்டியில் மணி வந்தது. என் போனிலும் பார்த்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான். நோட்டும் மறுபடி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு பதினாலு என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும் எண்ணத்தோடுதான் கூட்டத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால் வெள்ளகோவில்காரர்கள் இரண்டு பேரும் உன் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஓரத்தில் நின்றுகொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாய். பெட்டி தப்பு என்று அங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் மூன்று வருஷ உழைப்பு போய்விடும். எனக்குப் போவது ஒரு வேலைதானே.

"அம்மணி, அது வந்து, நான் கண்ணசந்துட்டேன்." இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய்தான். அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அதற்குள் நீ சொல்லிவிட்டாய். வேலை போனதற்காக நான் உன் நம்பரைத் தடுக்கவில்லை கண்ணு. நானாகக் கொடுக்க வந்ததை, நான் கொடுப்பதற்கு முன்னாலேயே நீ எடுத்துக்கொண்டாய். அதுவும் நான் தூங்கினேன் என்று நிஜமாகவே நம்பி எடுத்துக்கொண்டாய். அதுதான் வலித்தது. இப்போது வலி இல்லை.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள். காலைப் பூசைக்கு வந்துவிடு, மத்தியானம் அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைக்கிறாள். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். எந்த பஸ் என்று போனில் சொல்லு, ஸ்டாண்டுக்கு வாரேன்.

பிரான்சிஸ்